செயல்பாடும் எண்ணுப்பெயரும்: கணிதம் கற்பிக்கும் இலவச வளங்களில் மொழியின் இடம்

பள்ளிக் கணிதத்தைக் கையால் செய்து கற்கும் முறை புதியதன்று. மரியா மாண்டிசோரி 1939ஆம் ஆண்டு சென்னை அடையாற்றுக்கு வந்து பயிற்சி வகுப்புகள் நடத்தியபோதே பத்துப் பத்தாகக் கோத்த மணிகளைக் கொண்டு எண் கற்பிக்கும் முறை இந்நாட்டு ஆசிரியர்க்கு அறிமுகமாகிவிட்டது. அண்மைக்காலத்தில் புதியதாக நேர்ந்திருப்பது, இத்தகைய செயல்பாடுகளும் அவற்றிற்கான தாள்களும் காட்சிகளும் இணையத்தின் வழியாக விலையின்றி ஆசிரியர் கைக்கு வந்து சேர்வதேயாகும். 2001இல் ஆஸ்திரிய நாட்டுச் சால்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் மார்க்கஸ் ஹோகன்வார்ட்டர் உருவாக்கத் தொடங்கிய ஜியோஜீப்ரா, 2002இல் அமெரிக்கக் கொலராடோ பல்கலைக்கழகத்தில் கார்ல் வீமன் தொடங்கிய ஃபெட் செயல்மாதிரிகள், நம் நாட்டில் தேசியக் கல்வி ஆராய்ச்சி பயிற்சிக் குழுமம் 2013இல் தொடங்கிய தேசியத் திறந்தநிலைக் கல்வி வளக் களஞ்சியம், 2017இல் தொடங்கப்பட்ட தீக்‌ஷா தளம் ஆகியன இவற்றுள் பரவலாக அறியப்பட்டவை. தமிழ்நாட்டில் 2018 முதல் வெளிவந்த புதிய பாடநூல்களில் விரைவுக் குறியீடுகள் அச்சிடப்பட்டமையால் பாடநூலின் பக்கமே இவ்வளங்களுக்கு வாயிலாயிற்று.

இவ்வளங்களைப் பற்றிய ஆய்வுகளும் அறிக்கைகளும் பெரும்பாலும் கருவி, மின்சாரம், இணைய இணைப்பு, ஆசிரியர் பயிற்சி ஆகியவற்றையே பேசுகின்றன. மொழி பற்றிய பேச்சு ‘மொழிபெயர்க்கப்பட்டுள்ளதா, இல்லையா’ என்னும் ஒரே வினாவோடு முடிந்துவிடுகிறது. பொருள் ஏற்கெனவே முழுமையாக உள்ளது, மொழி அதன்மேல் பூசப்படும் வண்ணம் என்பது இவ்வினாவின் பின்னுள்ள எண்ணம். இது பொருந்துமா என்பது ஆராயத்தக்கது. மணிமாலை தானாகப் பேசுவதில்லை. அதைத் தொட்டு எண்ணும் குழந்தையின் வாயில் வரும் சொல்லே அம்மணிகளைப் பத்துகளாகவும் ஒன்றுகளாகவும் பிரிக்கிறது, அல்லது பிரிக்காமல் விடுகிறது. அச்சொல்லின் அமைப்பு மொழிக்கு மொழி வேறுபடும்போது ஒரே மணிமாலை எல்லா மொழிகளிலும் ஒரே பாடத்தைக் கற்பிக்க இயலாது.

1. மணிமாலை

டில்லியிலுள்ள ஜோடோ ஞான் என்னும் அமைப்பு ‘கணித மாலை’ என்ற பெயரில் ஒரு கருவியைப் பரப்பி வருகிறது. நூறு மணிகள், பத்து மணிக்கு ஒரு முறை நிறம் மாறும்படி, ஒரு நூலில் கோக்கப்பட்டிருக்கும். நெதர்லாந்தில் ஃபிராய்டந்தால் மரபினர் பயன்படுத்திய மணிக்கோவையே இதற்கு முன்னோடி. நூலும் இரு நிற மணிகளும் இருந்தால் எந்தப் பள்ளியிலும் செய்துகொள்ளலாம். இருபத்து மூன்றாவது மணி எங்கே என்று கேட்டால் குழந்தை ஒன்றிலிருந்து எண்ணலாம். அல்லது இரண்டு நிறக்கூட்டங்களைத் தாண்டி மூன்று மணிகளை மட்டும் எண்ணலாம். முதலாவதிலிருந்து இரண்டாவதற்குக் குழந்தை நகர்வதே இச்செயல்பாட்டின் நோக்கம்.

இந்தியில் இவ்வெண்ணின் பெயர் ‘தேயீஸ்’. மூன்றைக் குறிக்கும் பகுதி முன்னும் இருபதைக் குறிக்கும் பகுதி பின்னுமாக உருகிக் கலந்த சொல் அது. முப்பத்திரண்டு ‘பத்தீஸ்’ ஆகும். இவ்விரு சொற்களிலும் இரண்டு, மூன்று, இருபது, முப்பது என்னும் தனிச்சொற்களை அடையாளங்காணக் குழந்தையால் எளிதில் இயலாது. பதினொன்று முதல் தொண்ணூற்றொன்பது வரை ஏறக்குறைய ஒவ்வொரு பெயரையும் தனிச்சொல்லாகவே மனத்திலிருத்த வேண்டியுள்ளது. மேலும் இருபத்தொன்பது ‘உன்தீஸ்’. அதாவது ‘முப்பதுக்கு ஒன்று குறைவு’. ‘எழுபத்தொன்பது’ வரை இந்த ஒழுங்கு நீடித்து, எண்பத்தொன்பதில் ‘நவாஸி’ என்று முறிகிறது. இம்மொழிச் சூழலில் கணித மாலை செய்யும் பணி பெரிது. சொல் மறைத்துவிட்ட பத்துகளை நிறம் வெளிப்படுத்துகிறது. ‘உன்தீஸ்’ என்ற சொல்லுக்கு, மூன்றாம் நிறக்கூட்டம் முடிய ஒரு மணியே எஞ்சியுள்ளது என்னும் காட்சி நல்ல விளக்கமாகவும் அமைகிறது.

தமிழில் நிலை வேறு. இருபது என்பது இரு என்னும் அடையும் பத்தின் திரிபாகிய பது என்பதும் சேர்ந்தது. முப்பது, நாற்பது, ஐம்பது, அறுபது, எழுபது, எண்பது அனைத்தும் இவ்வாறே பெருக்கலைச் சொல்லில் காட்டுகின்றன. அதன்பின் வரும் மூன்று கூட்டலைக் காட்டுகிறது. பத்தின் கூறு முன்னும் ஒன்றின் கூறு பின்னும் வருவதால் எழுதும் வரிசையும் சொல்லும் வரிசையும் ஒத்துள்ளன. பதினொன்று முதல் பத்தொன்பது வரையிலும் இதே வரிசைதான். பன்னிரண்டில் மட்டும் ஒலி சற்றுத் திரிகிறது. ஆங்கிலத்தில் பதின்மூன்றிலிருந்து பத்தொன்பது வரை ஒன்றின் கூறு முன்னே வருவதாலும், பதின்மூன்றுக்கும் முப்பதுக்கும் உரிய சொற்கள் ஒலியில் நெருங்கியிருப்பதாலும் எழும் குழப்பம் தமிழ்க் குழந்தைக்கு இல்லை.

எண்ணுப்பெயரின் வெளிப்படைத்தன்மை கற்றலைப் பாதிக்குமா என்பது 1980களின் பிற்பகுதியிலிருந்து ஆராயப்பட்டு வருகிறது. இரேன் மியூராவும் உடன் ஆய்வாளர்களும் சீன, ஜப்பானிய, கொரிய மொழி பேசும் முதல் வகுப்புக் குழந்தைகளையும் ஆங்கிலம் பேசும் அமெரிக்கக் குழந்தைகளையும் ஒப்பிட்டனர். ஓர் எண்ணைக் கட்டைகளால் காட்டச் சொன்னபோது முன்னவர் பத்துக்கட்டைகளையும் ஒற்றைக்கட்டைகளையும் சேர்த்து அடுக்க முனைந்தனர். பின்னவர் ஒற்றைக்கட்டைகளையே எண்ணி வைக்க முனைந்தனர். வீட்டுப் பயிற்சியும் பள்ளி முறையும் இவ்வேறுபாட்டில் எவ்வளவு பங்கு வகிக்கின்றன என்னும் மறுப்பு பிற்காலத்தில் எழுந்தது, அது நியாயமானதே. மொழி மட்டுமே காரணம் என்று கொள்ள இடமில்லை. ஆயினும் வெளிப்படையான சொல் கையிலிருக்கும்போது அதைப் பயன்படுத்தாமல் விடுவதற்கு அம்மறுப்பு காரணமாகாது.

தமிழ் மணிமாலைச் செயல்பாட்டில், இந்தியிலிருந்தோ ஆங்கிலத்திலிருந்தோ பெயர்க்கப்பட்ட ‘மணியைத் தொட்டுப் பெயரைச் சொல்’ என்னும் கட்டளை போதாது. இரு நிறக்கூட்டங்களைக் கையால் அளந்து ‘இரு பத்து’ என்றும், மூன்று மணிகளைத் தொட்டு ‘மூன்று’ என்றும், பின் இணைத்து ‘இருபத்து மூன்று’ என்றும் சொல்லவைக்கலாம். நிறமும் சொல்லும் ஒன்றையே சொல்லும்போது குழந்தைக்கு இரண்டு சான்றுகள் கிடைக்கின்றன.

2. தொண்ணூறும் தொள்ளாயிரமும்

தமிழ் எண்ணுப்பெயர்களின் ஒழுங்கு ஓரிடத்தில் உடைகிறது. எண்பத்தொன்பதை அடுத்த மணியில் குழந்தை எதிர்பார்க்கக்கூடியது ஒன்பதும் பத்தும் சேர்ந்த ஒரு சொல். கிடைப்பதோ தொண்ணூறு. சொல்லின் இறுதியில் நூறு ஒலிக்கிறது; கையிலோ இன்னும் ஒரு நிறக்கூட்டம் எஞ்சியிருக்கிறது. அதேபோல எண்ணூறுக்கு அடுத்து வருவது தொள்ளாயிரம். அதன் இறுதியில் ஆயிரம் ஒலிக்கிறது. தொல்காப்பியம் குற்றியலுகரப் புணரியலில் இவ்விரு சொற்களுக்கும் தனி விதி கூறுகிறது. நன்னூலும் அவ்வாறே கூறுகிறது. ஒன்பதோடு பத்தைப் புணர்த்தித் தொண்ணூறு என ஆக்குவதற்கு அவ்விலக்கணங்கள் மேற்கொள்ளும் திரிபுகளின் எண்ணிக்கையே இச்சொற்கள் பிறவற்றிலிருந்து எவ்வளவு விலகி நிற்கின்றன என்பதைக் காட்டும். ஒன்பதைக் குறித்த ‘தொண்டு’ என்னும் பழஞ்சொல்லும் இங்கு நினைக்கத்தக்கது.

அண்டை மொழிகளை நோக்கினால் வேறுபாடு தெளிவாகும். மலையாளம் தமிழோடு ஒத்துத் தொண்ணூறு, தொள்ளாயிரம் என்கிறது. கன்னடத்தில் தொண்ணூறு ‘தொம்பத்து’. பத்து வெளிப்படையாக நிற்கிறது. தொள்ளாயிரம் ‘ஒம்பைநூறு’, நூறு வெளிப்படையாக நிற்கிறது. தெலுங்கில் தொண்ணூறு ‘தொம்பை’. கன்னடத்துக்காக அமைத்த ஒரு மணிமாலைத் தாளில் எண்பதிலிருந்து நூறு வரை தனிக்கவனம் ஏதும் வேண்டாம். அதை அப்படியே தமிழாக்கினால் மிகவும் கவனம் வேண்டிய இடம் வெறுமையாகக் கடந்துபோகும்.

இது பிழையைத் திருத்த வேண்டிய இடமன்று. விளையாட வேண்டிய இடம். ஒன்பதாம் நிறக்கூட்டத்தின் இறுதியில் ஒரு நூற்கண்ணியைக் கட்டி, ‘நூறு தெரிகிறது, ஆனால் வரவில்லை’ என்று குழந்தைகளிடம் சொன்னால் சொல்லின் விந்தையே நினைவுக்குத் துணையாகும். ‘ஒன்பது பத்து’ என்று சொல்லும் குழந்தையை உடனே மறுக்க வேண்டியதில்லை. அக்குழந்தை மொழியின் விதியைச் சரியாகப் பின்பற்றியிருக்கிறது. விதியை மீறியது மொழியே.

3. நூறும் நூற்றும்

விலையின்றி அச்சிட்டுக்கொள்ளும் தாள்களில் பெரிதும் வழங்குவது அம்புக்குறி அட்டை. 100, 200 முதலியன நீண்ட அட்டைகளிலும், 10, 20 முதலியன அதனிற் குறுகிய அட்டைகளிலும், 1 முதல் 9 வரை மிகச் சிறிய அட்டைகளிலும் இருக்கும். 100 என்னும் அட்டையின் வலப்பக்கச் சுழியின்மீது 5 என்னும் அட்டையை வைத்தால் 105 தெரியும். ‘நூற்றைந்து’ என்பதைக் கேட்ட குழந்தை நூறை முதலில் எழுதி, பின் ஐந்தை எழுதி, 1005 என்று காட்டுவது பல மொழிச் சூழல்களிலும் அறியப்பட்ட பிழை. அதைக் களைவதற்கே இவ்வட்டை ஏற்பட்டது.

இவ்வட்டைக்குரிய இலக்கணம் தமிழில் ஏற்கெனவே உள்ளது. நூறு என்று முடிந்தால் எண் அங்கே முடிகிறது. நூற்று என்றால் பின்னும் ஏதோ வர இருக்கிறது. இருபது, இருபத்து, ஆயிரம், ஆயிரத்து, இலட்சம், இலட்சத்து என எல்லா இடங்களிலும் இதே இருமை. பெயரின் நேர்வடிவம் எண் முடிந்ததைக் காட்டுகிறது. திரிந்த வடிவம் எண் தொடர்வதைக் காட்டுகிறது. அட்டையில் சுழி மறைக்கப்படுவதும் சொல்லில் ‘நூறு’ என்பது ‘நூற்று’ எனத் திரிவதும் ஒரே செய்தியின் இரு வடிவங்கள். இந்தியில் ‘ஸௌ’ என்னும் சொல் தனித்து வந்தாலும் தொடர்ந்து வந்தாலும் மாறுவதில்லை. ஆகவே அங்கே இச்செய்தியை அட்டை மட்டுமே சுமக்க வேண்டும்.

இங்கே மொழியியலார் கவனிக்கத்தக்க மற்றொன்று உண்டு. எழுத்து வழக்கில் திரிந்த வடிவங்கள் ‘-பத்து’, ‘-ற்று’, ‘-த்து’ எனப் பலவாறு நிற்கின்றன. பேச்சு வழக்கிலோ இருவத்தி, நூத்தி, ஆயிரத்தி, லட்சத்தி என ‘-த்தி’ என்னும் ஒரே வடிவம் எங்கும் வருகிறது. உயிர்முதற்சொல் வருமிடத்து ‘நூத்தஞ்சு’ எனச் சேர்ந்தொலிப்பதும் உண்டு. அப்போதும் தகர இரட்டிப்பு நிலைத்திருக்கும். ‘இன்னும் வருகிறது’ என்னும் பொருளுடைய ஓர் இடைச்சொல்லைப் போல அது குழந்தையின் காதில் விழுகிறது. ஆகவே இடமதிப்பை விளக்குவதில் பேச்சுத் தமிழ் எழுத்துத் தமிழினும் ஒழுங்குடையது. ‘நூத்தி அஞ்சு’ என்ற விடையைக் கொச்சை என்று ஆசிரியர் திருத்தும்போது, கணிதத்துக்கு மிகவும் பயன்படக்கூடிய ஒலிக்குறியைத் திருத்திவிடும் வாய்ப்பு இருக்கிறது. இலவசக் காணொளிகளுக்குத் தமிழில் குரல் கொடுப்போர் ‘நூற்று ஐந்து’ என்று விட்டிசைத்துப் படிப்பது வழக்கம். தொடக்க வகுப்புகளுக்கான குரல் பேச்சு வடிவில் தொடங்கி எழுத்து வடிவுக்கு நகர்வதே பொருத்தம். முதல் வகுப்புக் குழந்தைக்குத் தெரிந்தவை அஞ்சும் நாலும் மூணும். ஐந்தும் நான்கும் மூன்றும் பள்ளி தருபவை.

4. பின்னமும் மடிப்பின் வரிசையும்

எண்ணுப்பெயரைவிடக் கூர்மையான வேறுபாடு பின்னங்களில் தென்படுகிறது. ஒரு தாள்நாடாவை நான்கு சம பாகங்களாக மடித்து, அவற்றுள் மூன்றுக்கு வண்ணம் தீட்டுவது எல்லா நாடுகளிலும் வழங்கும் செயல்பாடு. கை முதலில் நான்கைச் செய்கிறது. பிறகே மூன்றைச் செய்கிறது. தமிழில் இதன் பெயர் ‘நான்கில் மூன்று’. சொல்லும் முதலில் நான்கைச் சொல்லிப் பிறகே மூன்றைச் சொல்கிறது. இடவேற்றுமை உருபாகிய ‘இல்’, மூன்று என்பது நான்கின் உள்ளிருந்து எடுக்கப்பட்டது என்பதையும் சேர்த்தே கூறிவிடுகிறது. ஆங்கிலப் பெயரில் மூன்று முன்னும், வரிசைப்பெயரை ஒத்த ஒரு சொல் பின்னும் வரும். முழுமையைப் பகுத்த செய்தி அங்கே பின்தங்கிவிடுகிறது.

கொரிய மொழியின் பின்னப்பெயரும் தமிழைப் போலவே பகுதியை முன்வைக்கும். பைக், மிக்ஸ் என்னும் ஆய்வாளர் இருவர் 2003இல் வெளியிட்ட ஆய்வில், அமெரிக்கக் குழந்தைகளுக்கும் ‘நான்கு பாகங்களில் மூன்று’ என்ற பொருள்படும்படி ஆங்கிலத்திலேயே பெயரை மாற்றிச் சொன்னபோது அவர்கள் படத்தோடு பின்னத்தைப் பொருத்துவதில் முன்னேறினர். சொல்லமைப்பு உதவுகிறது என்பதற்கும், அவ்வுதவியைப் பிற மொழியிலும் செயற்கையாக ஏற்படுத்திக்கொள்ளலாம் என்பதற்கும் இது சான்று. தமிழாசிரியர்க்கு அச்செயற்கை தேவையில்லை. ஆயினும் நம் வகுப்பறைகளில் ‘மூன்று பை நான்கு’ என்று ஆங்கிலச் சொல்லை நடுவிலிட்டுப் படிக்கும் பழக்கம் வேரூன்றியுள்ளது. மேலிருந்து கீழாக எழுதும் முறை இதற்கு ஒரு காரணம். எழுதும்போது மூன்றை முதலில் எழுதுவதால் சொல்லும்போதும் மூன்றை முதலில் சொல்லத் தோன்றுகிறது. எளிய மாற்று உண்டு: முதலில் கோட்டை இழுத்து, மடித்த பாகங்களாகிய 4ஐக் கீழே எழுதி, வண்ணமிட்ட 3ஐப் பின்னர் மேலே எழுதுவது. கை, சொல், எழுத்து மூன்றும் ஒரே வரிசையில் இயங்கும்.

திரையில் இயங்கும் பின்னச் செயல்மாதிரிகள் பலவும் தொகுதியை மேற்கட்டத்திலும் பகுதியைக் கீழ்க்கட்டத்திலும் வைத்து, எதை வேண்டுமானாலும் முதலில் மாற்ற இடம் தருகின்றன. ஆகவே தடை கருவியில் இல்லை. கருவியோடு வரும் வழிகாட்டுத் தாளில்தான் உள்ளது. ‘தொகுதியை இடுக, பகுதியை இடுக’ என்னும் வரிசை ஆங்கிலத்துக்கு இயல்பானது. தமிழ்த் தாளில் அவ்வரிசையை மாற்றியெழுதுவதற்குப் பெயர்ப்பாளர் தயங்க வேண்டியதில்லை.

வழக்கிலுள்ள பின்னச்சொற்களும் இங்கே குறிப்பிடத்தக்கவை. அரை, கால், முக்கால், அரைக்கால், வீசம் எனத் தமிழிலும், டேட் (ஒன்றரை), டாயீ (இரண்டரை), ஸவா (கால் கூடியது), பௌனே (கால் குறைந்தது) என இந்தியிலும் கடைவீதியில் வழங்கும் சொற்கள், பாடநூல் நுழையுமுன்பே குழந்தையிடம் இருப்பவை. அரைக்கால் என்பது காலில் அரை, அதாவது எட்டில் ஒன்று. தாளை மேலும் மேலும் இரண்டாக மடிக்கும்போது அரை, கால், அரைக்கால், வீசம் என்று நான்கு மடிப்புகளுக்கும் தமிழில் தனிப்பெயர் உண்டு. இவ்வளவு பொருத்தமான ஒரு செயல்பாட்டை வேற்றுமொழித் தாள் எதுவும் தராது.

5. வேற்றுமை உருபும் திரைக் கட்டங்களும்

இணைய வளங்களை மொழிபெயர்க்கும் முறை அச்சுநூலை மொழிபெயர்க்கும் முறையினின்றும் வேறானது. சொற்றொடர்கள் தனித்தனித் துண்டுகளாகப் பெயர்ப்பாளர்முன் வைக்கப்படுகின்றன. எண் வரவேண்டிய இடத்தில் ஒரு வெற்றிடக்குறி நிற்கும். ‘இதை இதனால் வகு’ என்னும் துண்டில் இரு வெற்றிடங்கள் இருந்தால் கணினி 12, 3 என்பவற்றை அங்கே நிரப்பும். ஆங்கிலத்தில் எண் மாறினும் சொல் மாறாது. தமிழில் வேற்றுமை உருபு எண்ணோடு ஒட்ட வேண்டும். ஆகவே ‘12-ஐ 3-ஆல் வகு’ என்று சிறுகோடிட்டு எழுதுகிறோம். கண்ணுக்கு இது எளிது. வாய்விட்டுப் படிக்கும் குழந்தையோ பன்னிரண்டை, மூன்றால் என்று புணர்ச்சி செய்துகொள்ள வேண்டும். 100-ஐ என்பதை நூறை என்பதா நூற்றை என்பதா என்னும் ஐயமும் எழும். 6-இல் என்பது ஆறில்; ஆற்றில் என்றால் நீர் ஓடும். எண்ணும் நதியும் நேர்வடிவில் ஒன்றாயினும் உருபேற்கும்போது பிரிந்துவிடும் நுட்பத்தைக் குழந்தைகள் பேச்சிலேயே அறிந்திருக்கிறார்கள் என்பது வியப்புக்குரியது.

சொல்வரிசை தமிழுக்கு நன்மையாக அமையும் இடங்களும் உண்டு. ‘15-இலிருந்து 8-ஐக் கழி’ என்பதில் எண்களின் வரிசையும் 15 − 8 என்னும் குறியீட்டின் வரிசையும் ஒன்றே. ஆங்கிலத்தில் எட்டு முன்னே வருகிறது. ஒப்பீட்டுக் கணக்குகளிலும் இவ்வாறே. ‘கண்ணனைவிட வள்ளியிடம் மூன்று புளியங்கொட்டைகள் அதிகம்’ என்னும் தமிழ்த் தொடரில் தெரிந்த அளவுக்குரிய கண்ணன் முதலில் வருகிறான். அவன் கொட்டைகளை மேல்வரிசையில் அடுக்கி, அவற்றின் நேர்கீழே வள்ளிக்கு அதே அளவு அடுக்கி, பின் மூன்றைச் சேர்த்தால் தொடரின் ஓட்டமும் கையின் ஓட்டமும் ஒத்துப்போகும். ஆங்கிலத் தாளில் வள்ளியே முதலில் வருவாள். அவளிடம் எத்தனை என்பது தெரியாதாகையால் குழந்தையின் கை அங்கே நின்றுவிடும். சொல்லுக்குச் சொல் பெயர்க்கும் பழக்கத்தால் ‘வள்ளியிடம் மூன்று அதிகம், கண்ணனைவிட’ என்பது போன்ற தொடர்கள் தமிழ்த் தாள்களில் நுழைவது, நடையைக் கெடுப்பதோடு கணக்கையும் கடினமாக்குகிறது.

‘இலவசம்’ என்னும் சொல்லை இங்கே சற்று ஆராய வேண்டும். விலையின்மை ஒன்று, மாற்றியமைக்கும் உரிமை மற்றொன்று. பின்னதைக் ‘கட்டற்ற’ என்னும் சொல்லால் தமிழில் பிரித்துக் கூறுகிறோம். தேசியக் களஞ்சியம் ஏற்ற கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம், ஆக்கியோன் பெயரைக் குறித்து, அதே உரிமத்தின்கீழ் மாற்றி வெளியிட இடம் தருவது. விலையின்றிக் கிடைப்பவை அனைத்தும் இவ்வுரிமத்தன அல்ல. மேலே கண்ட மாற்றங்கள், அதாவது தொண்ணூற்றில் கண்ணி, பகுதியை முன்வைக்கும் வழிகாட்டுத் தாள், பேச்சு வடிவக் குரல் ஆகியன, கட்டற்ற வளங்களில் மட்டுமே செய்யத்தக்கவை.

6. கலைச்சொல்

ஜியோஜீப்ரா போன்ற கருவிகளில் தமிழ் என்பது ஒரே தெரிவாக இருக்கும். பள்ளித் தமிழோ ஒன்றன்று. தமிழ்நாட்டில் இயற்கணிதம், இலங்கையில் அட்சரகணிதம். இங்கே வடிவியல், அங்கே கேத்திரகணிதம். இங்கே முக்கோணம், அங்கே முக்கோணி. இங்கே பகா எண், அங்கே முதன்மை எண். இரு நாட்டுக் குழந்தைகளும் ஒரே தளத்துக்கு வரும்போது ஒருவருக்கு மற்றவர் சொல் தடையாகிறது. எது சிறந்தது என்று பொதுவாகத் தீர்ப்பது பயனற்றது. செயல்பாட்டோடு எது பொருந்துகிறது என்று சொல்லுக்குச் சொல் பார்ப்பதே தக்கது. ஏழு புளியங்கொட்டைகளைச் செவ்வகமாக அடுக்க முயலும் குழந்தை, ஒற்றை வரிசையன்றி வேறு வழியில்லை என்று காண்கிறது. பன்னிரண்டு கொட்டைகளோ இரண்டு வரிசையாகவும் மூன்று வரிசையாகவும் பகுகின்றன. ‘பகா’ என்னும் ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம் குழந்தை கண்டதையே சொல்கிறது. ‘முதன்மை’ என்பது ஆங்கிலச் சொல்லின் நிழலாக நிற்கிறது. மறுபுறம், தமிழ்நாட்டுச் ‘சர்வசமம்’ என்பதைவிட, ஒரு வடிவத்தின்மேல் மற்றொன்றை வைத்துப் பார்க்கும் செயலுக்கு இலங்கையின் ‘ஒருங்கிசைவு’ அணுக்கமானது.

7. மடி, மடித்தால், மடித்தாலும்

தாள் மடித்து வடிவியல் கற்பிக்கும் முறைக்கு உலக அளவில் முன்னோடியான நூல்களுள் ஒன்று சென்னையில் வெளிவந்தது. தண்டலம் சுந்தரராவ் ஆங்கிலத்தில் எழுதிய ‘தாள் மடிப்பில் வடிவியற் பயிற்சிகள்’ என்னும் அந்நூல் 1893இல் அச்சாயிற்று. குழந்தைப்பள்ளிக் கருவிகளுள் ஒன்றாகிய தாள் மடிப்பே தமக்கு அவ்வெண்ணத்தைத் தந்ததாக அவர் குறித்துள்ளார். ஜெர்மானியக் கணித அறிஞர் ஃபெலிக்ஸ் கிளைன் தம் நூலில் இதைச் சுட்டியதால் மேனாட்டார் கவனம் பெற்று, 1901இல் சிகாகோவில் மறுபதிப்பாயிற்று. பதிப்புரிமைக் காலம் கடந்துவிட்டமையால் இன்று இணைய நூலகங்களில் இதை எவரும் விலையின்றிப் படிக்கலாம். தீக்குச்சியையும் மிதிவண்டி வால்வுக் குழாயையும் கொண்டு வடிவங்கள் அமைக்கக் கற்பித்த அரவிந்த் குப்தாவின் இணையதளமும் இம்மரபின் தொடர்ச்சியே. தீக்குச்சிச் சதுரம் அழுத்தினால் சாய்ந்துவிடும், முக்கோணம் சாயாது என்பதைக் கையால் உணர்ந்த குழந்தைக்கு முக்கோணத்தின் உறுதியைப் பற்றி வேறு விளக்கம் வேண்டியதில்லை.

மடிப்புச் செயல்பாடுகளின் மொழி ஏவல் வினைகளால் ஆனது: மடி, விரி, பொருத்து, பார். தமிழின் வினையெச்சத் தொடர் இதற்குப் பெரிதும் உதவுகிறது. ‘மடித்து, விரித்து, மறுபடியும் குறுக்கே மடித்துப் பார்’ என ஒரே முற்றில் நான்கு செயல்களையும் வரிசை தவறாமல் சொல்லிவிடலாம். இதில் ஓர் இடர்ப்பாடும் உண்டு. எச்சங்கள் நீளும்போது குழந்தை எங்கே நின்று நோக்க வேண்டும் என்பது மறைந்துபோகிறது. ஒவ்வொரு மடிப்புக்கோட்டிலும் தொடரை முடிப்பது நல்லது.

முக்கோணத்தின் மூன்று கோணங்களையும் மடித்துச் சேர்க்கும் செயல்பாட்டை எடுத்துக்கொள்ளலாம். மிக நீண்ட பக்கத்தை அடியாக வைத்து, எதிர்முனையை அடிக்கோட்டின்மேல் படும்படி அடிக்கு இணையாக மடித்து, மற்ற இரு முனைகளையும் அதே புள்ளிக்குக் கொண்டுவந்தால், மூன்று கோணங்களும் ஒரு நேர்க்கோட்டின்மேல் இடைவெளியின்றி அமரும். விலையின்றிக் கிடைக்கும் தமிழ்த் தாள்கள் பலவும் ‘மடி, பார்’ என்பதோடு நின்று, கீழே விதியை அச்சிட்டுவிடுகின்றன: ‘ஒரு முக்கோணத்தின் மூன்று கோணங்களின் கூடுதல் 180°’. செய்த தாளுக்கும் அச்சிட்ட விதிக்கும் இடையே ஒரு பாலம் இல்லை. குழந்தை மடித்தது ஒரு முக்கோணம்; விதி பேசுவது எல்லா முக்கோணங்களையும் பற்றி.

அப்பாலத்தைத் தமிழ் வினைவடிவங்களே தருகின்றன. ‘மடி’ என்பது ஏவல்; ஒருவர் சொல்ல மற்றவர் செய்வது. ‘மடித்தால் சேரும்’ என்பது நிபந்தனை. செயலுக்கும் விளைவுக்கும் உள்ள தொடர்பு இங்கே சொல்லில் அமைந்துவிடுகிறது. ‘எந்த முக்கோணத்தை மடித்தாலும் சேரும்’ என்பதில் ‘எந்த’ என்னும் வினாச்சொல்லும் ‘உம்’ என்னும் இடைச்சொல்லும் இணைந்து எல்லாவற்றையும் அடக்கும் பொருளைத் தருகின்றன. கணிதத்தில் பொதுக்கூற்று எனப்படுவது இதுவே. இதற்குக் கலைச்சொல் ஏதும் வேண்டியதில்லை. ‘எங்க போனாலும்’, ‘யாரு கேட்டாலும்’ என்று நாள்தோறும் பேசும் குழந்தைக்கு இவ்வடிவம் பழக்கமானது.

ஆகவே தாளின் அமைப்பு மூன்று படியாக இருக்கலாம். முதலில் ஒவ்வொரு குழந்தையும் தன் முக்கோணத்தை மடிக்கும். அடுத்து, ‘மடித்தால் என்ன ஆகும்?’ என்று கேட்டு, மடிப்பதற்கு முன்பே சொல்லவைக்க வேண்டும். பின்னர் குறுகிய முக்கோணம், சாய்ந்த முக்கோணம், மிக மெலிந்த முக்கோணம் எனச் சேராது என்று தோன்றும் ஒன்றை வெட்டி வருமாறு குழந்தைகளிடமே விட வேண்டும். விரிகோணம் உடையதை வெட்டி வந்த குழந்தை சிறிய பக்கத்தை அடியாக வைத்து மடித்தால் முனை அடிக்கோட்டுக்கு வெளியே விழும். விதி தோற்றது என்று அக்குழந்தை அறிவிக்கும். அப்போது வகுப்பில் எழும் வாக்குவாதம், எந்தப் பக்கத்தை அடியாக வைக்க வேண்டும் என்னும் கேள்விக்கு அவர்களைக் கொண்டுசேர்க்கும். நீண்ட பக்கத்தை அடியாகத் திருப்பி மடித்த பிறகு, ‘எந்த முக்கோணத்த மடிச்சாலும் சேருது’ என்னும் தொடரை ஆசிரியர் கரும்பலகையில் அப்படியே எழுதி, அதன்கீழ் பாடநூலின் விதியை எழுதலாம்.